பையன்களின் பேனாக்கத்தி: பழைய அமெரிக்க மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க் மாநிலம், ஹட்சன் பள்ளத்தாக்கு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் கராஜ் சேல். மேசையில் ஒரு சுருட்டுப் பெட்டி, அதற்குள் பூட்டில்லாத சாவிகள், சட்டைப் பொத்தான்கள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மடக்குக் கத்தி. திறந்து பார்த்தேன், வரவில்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம். விற்றுக்கொண்டிருந்த பாட்டி சிரித்தார். "எங்க அண்ணனோடது. அதைத் தொட்டா எனக்கு அடி விழும்." நாலு டாலர் கொடுத்து எடுத்து வந்தேன். எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்த பிறகு பெரிய அலகு முனகிக்கொண்டே திறந்தது. அலகின் அடியில் 'அல்ஸ்டர் நைஃப் கம்பெனி' என்ற முத்திரை. அல்ஸ்டர் தொழிற்சாலை இருந்த எலன்வில் ஊர் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

அப்படித்தான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. இன்று என்னிடம் நூறுக்கு மேல் இருக்கிறது. அதில் பாதியை வாங்கியிருக்கவே கூடாது. அந்தப் பாதியிலிருந்து கற்றதுதான் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் அழகுக் கத்திகள் மேசை அறையில் பத்திரமாகத் தூங்கின. பையன்களின் கத்திக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது மரத்தில் எறியப்பட்டது, டின் திறந்தது, மண் தோண்டியது, ஆற்றில் விழுந்தது. எனவே புத்தம் புதுசு போல ஒன்று கண்ணில் பட்டால் மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வர வேண்டும். கத்தியின் உடம்பில் இருக்கும் தேய்மானம் ஒரு பையன் செய்ததா, பின்னால் வந்த ஒரு வியாபாரி செய்ததா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தச் சேகரிப்பின் முக்கால்வாசி வேலை.

1. எதையெல்லாம் பையன் கத்தி என்கிறோம்

பேனாக்கத்தி என்ற சொல் இறகுப் பேனாவின் முனை சீவிய காலத்தில் பிறந்தது. நாம் தேடுவது அதன் முரட்டுத் தம்பியை. இங்கே அதை ஜாக் கத்தி என்பார்கள், அலகுகள் எல்லாம் ஒரே முனையில் மடங்கும். இரண்டு முனையிலும் மடங்கும் சாரணர் கத்தியையும் சேர்த்தால், பையன்களுக்கென்றே விற்றவை நான்கு வகை.

பார்லோ: கைப்பிடியின் முன்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு இரும்புத் தொப்பி, அதற்குப் பின்னால் ரம்பப் பல் கீறியது போன்ற எலும்பு, ஒன்று அல்லது இரண்டு அலகு. மடக்கிய நிலையில் 3⅜ அங்குலம். 'டாடி பார்லோ' என்ற பெரியண்ணன் 5 அங்குலம். பெயர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்திக்காரர் ஒபடையா பார்லோவிடமிருந்து வந்தது என்பது வழக்கு. அமெரிக்காவில் இதைப் பிரபலமாக்கியது மாசசூசெட்ஸின் டர்னர்ஸ் ஃபால்ஸில் இருந்த ஜான் ரஸல் நிறுவனம். 1875இல் தொடங்கி ஒற்றை அலகு 15 சென்ட், இரட்டை அலகு 25 சென்ட் என்று விற்றார்கள். இரும்புத் தொப்பியில் 'ஆர்' எழுத்தை ஓர் அம்பு துளைத்துப் போகும், அதுதான் ரஸலின் அடையாளம்.

பார்லோ விற்பவர்கள் எல்லோரும் டாம் சாயரை இழுப்பார்கள். 1876இல் வந்த மார்க் ட்வைனின் அந்த நாவலில் டாமுக்குப் பன்னிரண்டரை சென்ட் பார்லோ ஒன்று பரிசாகக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் கதை நடப்பது 1840களில். ரஸல் பார்லோ அப்போது பிறக்கவே இல்லை. டாம் சட்டைப்பையில் இருந்தது ஷெஃபீல்டிலிருந்து கப்பலில் வந்த சரக்காகத்தான் இருக்கும். "இது டாம் சாயர் கத்தி" என்று ரஸல் பார்லோவைக் காட்டி விலையை ஏற்றுபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். விலை குறையாது, முகம் மட்டும் மாறும்.

ஈஸி ஓப்பனர்: கைப்பிடியின் நடுவில் அரைநிலா வடிவில் ஒரு வெட்டு இருக்கும். நகத்தால் இழுக்க முடியாத சின்ன விரல்கள் அலகையே பிடித்துத் திறப்பதற்கு. பழைய விலைப் பட்டியல்களில் 'பாய்ஸ் நைஃப்' என்ற தலைப்பின் கீழ் இருப்பவற்றில் இது முக்கியம். தொலைத்துவிடாமல் இருக்க இடுப்பில் மாட்டும் சங்கிலியோடும் வரும். சங்கிலி பிழைத்திருப்பது அபூர்வம்.

சாரணர் கத்தி: நான்கு கருவி. பெரிய அலகு, டின் ஓப்பனர், மூடி திறக்கும் வளைவோடு ஒரு திருப்புளி, தோலில் துளையிடும் குத்தூசி. பின்முனையில் ஒரு வளையம். அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910 பிப்ரவரியில் தொடங்கியது. அடுத்த ஆண்டே வால்டன் ஊரின் நியூயார்க் நைஃப் கம்பெனி அதிகாரபூர்வக் கத்தியைச் செய்து கொடுத்தது. பிறகு ரெமிங்டன், அல்ஸ்டர், கமில்லஸ், இம்பீரியல் என்று வரிசை நீண்டது. சிறுமிகளுக்கான கேர்ள் ஸ்கவுட் கத்திகளும் உண்டு. பச்சைக் கைப்பிடியோடு கட்மாஸ்டர் செய்தவை சந்தையில் அடிக்கடி தென்படும்.

கௌபாய் கத்தி: ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இம்பீரியல், கொலோனியல் என்ற இரண்டு நிறுவனங்கள். இரண்டையும் தொடங்கியவர்கள் இத்தாலியின் ஃப்ரொசொலோனே என்ற கத்திக்கார ஊரிலிருந்து வந்தவர்கள். மெல்லிய தகட்டை அச்சில் வளைத்து, மேலே செல்லுலாய்டு உறை போட்டு, சில்லறைக் காசுக்குக் கத்தி செய்தார்கள். ராய் ரோஜர்ஸ், ஹாப்அலாங் காசிடி போன்ற திரை நாயகர்களின் படம் கைப்பிடியில் இருக்கும். இந்த வகையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. படம் ஒட்டிய போலிகள் அவ்வளவு இருக்கின்றன.

2. ஒரு சந்தை, ஒரு சந்து

'பழைய கத்தி எல்லாம் சேர்ப்பேன்' என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் ஒரு வாளி இரும்பு சேரும். ஒரு சந்துக்குள் நுழையுங்கள். என் பரிந்துரை 1945க்குப் பிந்தைய நான்கு கருவிச் சாரணர் கத்தி. காரணம் எளிது: நிறைய செய்தார்கள், நிறைய கிடைக்கிறது, போலி செய்தால் லாபமில்லை. பயன்படுத்திய நிலையில் 15 முதல் 40 டாலருக்குள் நல்லதாகவே கிடைப்பதை நான் பார்த்து வருகிறேன். பத்துக் கத்தி கையில் புரண்டால்தான் ஸ்பிரிங் எப்படிப் பேச வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். ரஸல் பார்லோவையும் 1911ஆம் ஆண்டுக் கத்தியையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

3. முத்திரையைப் படிப்பது

அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் கூர் இல்லாத ஒரு சதுரக் கட்டை இருக்கும். அதற்கு 'டாங்' என்று பெயர். செய்தவரின் முத்திரை அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும். ஒரு பத்து மடங்கு லென்ஸ், ஒரு சின்ன டார்ச், இரண்டும் எப்போதும் பையில் இருக்கட்டும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

முத்திரை ஊரையும் ஆளையும் சொல்வதோடு காலத்தையும் சொல்லும். 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டத்தால் 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். எனவே 'ஷெஃபீல்டு' என்று மட்டும் இருந்து 'இங்கிலாந்து' இல்லாவிட்டால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு. வாய்ப்பு மட்டும்தான். இங்கிலாந்திலேயே விற்ற கத்திக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஷ்ரேட் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் 'ஷ்ரேட் கட் கோ' என்பது 1946 வரை, 'ஷ்ரேட் வால்டன்' 1946 முதல் 1973 வரை, அதற்குப் பிறகு வெறும் 'ஷ்ரேட்'. கமில்லஸில் நான்கு வரி முத்திரை பழையது, மூன்று வரி பிந்தையது. ரெமிங்டன் கத்தி செய்ததே 1920 முதல் 1940 வரைதான், பிறகு அந்தப் பிரிவை 'பால் பிளேடு' என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆனால் 1982 முதல் ரெமிங்டன் பெயரில் பழைய மாதிரிகளின் மறுபதிப்புகள் வருகின்றன. அவற்றுக்கும் தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு. மறுபதிப்பை மூலப்பிரதி விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி.

'கேஸ்' என்ற கத்தி நிறுவனம்தான் சேகரிப்பாளர்களுக்குச் செல்லப்பிள்ளை. 1965 முதல் 1969 வரை முத்திரையில் 'யு.எஸ்.ஏ.' இருக்கும். 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள், ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளியை எடுத்தார்கள். ஏழு புள்ளி என்றால் 1973. விரல் விட்டு எண்ணினால் வயது தெரிந்துவிடும். மாதிரி எண்ணுக்கும் பொருள் உண்டு. '6445ஆர்' என்பது அவர்களுடைய சாரணர் வடிவக் கத்தி: 6 என்றால் எலும்புக் கைப்பிடி, அடுத்த 4 அலகுகளின் எண்ணிக்கை, 45 வடிவத்தின் எண், ஆர் என்றால் வளையம் உண்டு.

ஒரு பொறி இங்கே. நியூயார்க் நைஃப் கம்பெனியின் சின்னம் சுத்தியல் பிடித்த கை. அந்த நிறுவனம் 1931இல் மூடப்பட்டது. பின்னாளில் 'ஹேமர் பிராண்டு' பெயரை இம்பீரியல் வாங்கித் தன் மலிவான தகடு கத்திகளில் போட்டது. எலும்பும் கனமும் உள்ள வால்டன் கத்தியும், உள்ளே வெற்றிடமாக இருக்கும் தகடு கத்தியும் ஒரே பெயரில் சந்தையில் கிடக்கின்றன. தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், படத்தில் தெரியாது. இதேபோல 2004இல் எலன்வில்லின் இம்பீரியல் ஷ்ரேட் மூடியது, 2007இல் கமில்லஸ் மூடியது. பெயர்களை வேறு நிறுவனங்கள் வாங்கின. இன்று அந்தப் பெயர்களில் சீனாவில் செய்த கத்திகளும் வருகின்றன. முத்திரையின் மறுபக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அங்கே எதையோ ராவிய தடம் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

4. கையில் எடுத்ததும் என்ன செய்வது

இங்கே அவசரம் கூடாது. நான் ஒரு கத்திக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வேன், விற்பவர் பல்லைக் கடித்தாலும்.

மூடிய நிலையில் முதுகைப் பாருங்கள். ஸ்பிரிங்கும் இரண்டு பக்கத்து உள்தகடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. அலகின் முனை கைப்பிடிக்குள் முழுதாகப் புதைந்திருக்கிறதா? முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், தீட்டித் தீட்டி அலகு தேய்ந்திருக்கிறது, அல்லது உடைந்த முனையைத் திருப்பி ராவியிருக்கிறார்கள், அல்லது அலகே வேறு கத்தியுடையது.

இனி மெல்லத் திறங்கள். முழு நீளத்துக்கும் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு விரலில் தெரிய வேண்டும். கடைசியில் 'டக்' என்று உட்கார வேண்டும். இங்குள்ளவர்கள் இதை 'நடையும் பேச்சும்' என்று சொல்வார்கள். நடை இருந்து பேச்சு இல்லாத கத்தி களைத்துப் போனது. திறந்த அலகை இரண்டு விரலால் பிடித்து இடது வலது ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருப்பது பையன் கத்திக்கு இயல்பு. கடகட என்று ஆடினால் வேண்டாம். இந்தக் கத்திகளில் பூட்டு கிடையாது என்பதையும் மறந்துவிட வேண்டாம், மூடும்போது கட்டைவிரல் உள்ளே மாட்டும். எனக்கு ஒரு தையல் போட்டிருக்கிறது.

அடுத்தது தேய்மானத்தின் கணக்கு. என் முதல் அல்ஸ்டரையே சொல்கிறேன். பெரிய அலகு கால்வாசி தேய்ந்து முனை வட்டமாகியிருந்தது. தேய்மானம் ஒரே சீராக இல்லாமல் அடிப்பக்கம் குழிந்து போயிருந்தது. தெரியாத பையன் ஒருவன் வட்டச் சாணைக்கல்லில் ஒரே இடத்தில் தேய்த்தால் அப்படித்தான் வரும். டின் ஓப்பனரின் கொக்கி பளபளவென்று மழுங்கியிருந்தது. திருப்புளியின் ஒரு மூலை உடைந்திருந்தது, எதையோ நெம்பியிருக்கிறான். குத்தூசியில் மட்டும் தொழிற்சாலை மெருகு அப்படியே இருந்தது. எந்தப் பையன் தோலில் துளை போட்டான்? நான்கு கருவியும் நான்கு விதமாகத் தேய்ந்திருப்பதுதான் உண்மையான கத்தியின் முகம். நான்கும் ஒரே அளவு பளபளப்பாக இருந்தால் யாரோ பஞ்சுச் சக்கரத்தில் வைத்து மெருகேற்றியிருக்கிறார்கள்.

மெருகேற்றியதைக் கண்டுபிடிக்க மூன்று இடம். முத்திரை எழுத்தின் விளிம்பு கூராக இல்லாமல் உருகியது போலக் கிடக்கும். இரும்புத் தொப்பியின் ஓரம் சோப்புக்கட்டி போல உருண்டிருக்கும். கைப்பிடியில் உள்ள ஆணியைச் சுற்றிச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். இந்த மூன்றையும் ஒரு பார்லோவில் ஒருசேரப் பார்த்தேன், வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு. 'பயன்படுத்தாதது' என்று சொல்லி விற்றார்கள், படத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது, மயங்கிவிட்டேன். நூற்றுப் பத்து டாலர் படிப்புச் செலவு.

அலகு மாற்றியதைக் கண்டுபிடிக்க ஆணியைப் பாருங்கள். பழைய கத்தியில் தொப்பியில் இருக்கும் ஆணித்தலை உலோகத்தோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. திறந்து மூடிய பயன்பாட்டில் லேசாகத் தெரியலாம். ஆனால் சுத்தியல் தடத்தோடு பளிச்சென்று ஒரு வட்டம் தெரிந்தால் யாரோ பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். அலகின் நிறமும் சொல்லும். கார்பன் எஃகு காலப்போக்கில் சாம்பல் நிறமாகும், பழத்தின் புளிப்புப் பட்ட இடம் நீலம் பூக்கும். ஒரு அலகு சாம்பல், பக்கத்து அலகு வெள்ளி என்றால் அவை ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் அல்ல.

கைப்பிடியில் பதித்த சின்னத் தகட்டையும் விட்டுவிட வேண்டாம். சாரணர் கத்தியில் இயக்கத்தின் சின்னமும் 'தயாராயிரு' என்ற வாசகமும் இருக்கும். தகட்டைச் சுற்றி இடைவெளி இருந்தாலோ பசை தெரிந்தாலோ வேறு கத்தியிலிருந்து பெயர்த்து வந்திருக்கலாம். சில கத்திகளில் தகட்டின் மேல் பையன் தன் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறியிருப்பான். சந்தையில் அது விலையைக் குறைக்கும். எனக்கு அப்படிப்பட்டவைதான் பிடிக்கும்.

தரத்தைச் சொல்ல இங்குள்ள சேகரிப்பாளர்களிடம் ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் 'மின்ட்'. அலகு தேய்மானம் பத்து சதவீதம் வரை 'எக்ஸலன்ட்'. இருபத்தைந்து வரை 'வெரி குட்'. பாதி தேய்ந்தால் 'ஃபேர்'. விற்பவர் சொல்லும் தரத்திலிருந்து ஒரு படி இறக்கிக் கணக்குப் போடுங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

5. கைப்பிடி எதில் செய்தது

எலும்பா பிளாஸ்டிக்கா என்று சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், கத்தி கெடும். லென்ஸில் பார்த்தால் போதும். மாட்டின் கால் எலும்பில் மிளகு தூவியது போலச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். உயிரோடு இருந்தபோது இரத்தம் ஓடிய குழல்கள் அவை. பிளாஸ்டிக்கில் இருக்காது. 1960க்குப் பிறகு வந்த டெல்ரின் என்ற பிளாஸ்டிக் எலும்பின் கொத்து வேலையை அச்சு அசலாகக் காட்டும், ஆனால் ஒரே அச்சில் வந்தவை என்பதால் இரண்டு கத்தியை அருகருகே வைத்தால் ஒவ்வொரு கீறலும் ஒத்துப்போகும். கையால் கொத்திய எலும்பில் இரண்டு பக்கமும்கூட ஒத்துப்போகாது.

விலை கூடிய கத்திகளில் மான் கொம்பு வரும். ஷெஃபீல்டு ஆனாலும் அமெரிக்கா ஆனாலும் அவர்கள் விரும்பியது இந்தியக் கடமானின், நம் ஊர்க் காட்டில் மிளா என்று சொல்லும் மானின் கொம்பைத்தான். உள்ளே பஞ்சு போன்ற சோறு குறைவு, கெட்டி அதிகம். அந்த ஏற்றுமதியை இந்தியா பின்னாளில் நிறுத்திவிட்டது.

செல்லுலாய்டுதான் வில்லன். வண்ண வண்ணமாக, கோடு போட்ட மிட்டாய் மாதிரி அழகாக இருக்கும். அது நைட்ரோசெல்லுலோஸ். வயதாகும்போது சிதைந்து அமில ஆவியை விடும். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு தகரப் பெட்டியில் ஒன்பது கத்தியை மூடி வைத்திருந்தேன். ஏப்ரலில் திறந்தபோது கற்பூரமும் காடியும் கலந்த ஒரு நெடி. நடுவில் இருந்த ஒரு மஞ்சள் நிற ஈஸி ஓப்பனரின் கைப்பிடி சர்க்கரைப் பாகு உறைந்தது போல வெடித்திருந்தது. அதன் பித்தளை உள்தகட்டில் பச்சைக் களிம்பு. பக்கத்திலிருந்த நான்கு கத்திகளின் அலகில் கைப்பிடிப் பக்கம் மட்டும் செந்துரு. தொலைவில் இருந்தவை தப்பித்தன. செல்லுலாய்டு கத்தியைக் காற்றோட்டமாக, தனியாக, மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். நெருப்பும் சட்டென்று பிடிக்கும் பொருள் அது. வெடிப்பு தொடங்கிவிட்டால் நிறுத்த வழி இல்லை.

6. எங்கே வாங்குவது

கராஜ் சேலும், பெரியவர்கள் இறந்த வீட்டில் நடக்கும் எஸ்டேட் சேலும் முதலிடம். அங்கே சமையலறைப் பக்கம் போகாதீர்கள், கராஜில் இருக்கும் கருவிப் பெட்டி, தூண்டில் பெட்டி, தையல் டப்பா மூன்றையும் கேட்டுப் பாருங்கள். கத்திக் கண்காட்சிகளில் விலை கூடும், ஆனால் நூறு கத்தியைத் தொட்டுப் பார்க்கக் காசு வேண்டாம். இணையத்தில் வாங்கினால் முத்திரையின் இரண்டு பக்கம், மூடிய முதுகு, பாதி திறந்த நிலை, ஓர் அளவுகோலோடு முழுநீளம் ஆகிய படங்களைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். 'எங்க தாத்தா போரில் வைத்திருந்தது' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கத்தியில் 1970க்குரிய புள்ளிகள் இருந்தால் தாத்தாவின் போர் எது என்று கேட்கத் தோன்றும்.

7. சுத்தம் செய்வது: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

சாம்பல் படிவத்தைத் தொடக் கூடாது. அது எஃகின் தோல். எடுக்க வேண்டியது சிவப்புத் துருவை மட்டும்.

மூட்டில் இரண்டு சொட்டு மினரல் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். பல்குத்தும் குச்சியால் ஸ்பிரிங் பள்ளத்தில் இருக்கும் அழுக்கை நோண்டி எடுங்கள். அரை நூற்றாண்டுச் சட்டைப்பைப் பஞ்சு ஒரு உருண்டையாக வரும், அது ஒரு தனி ஆனந்தம். திறக்காத கத்தியைக் குறடு போட்டு இழுக்காதீர்கள். எண்ணெய் விட்டு, கொஞ்சம் அசைத்து, மறுபடி எண்ணெய் விட்டு, மறுநாள் பாருங்கள். துருவுக்கு 1982க்கு முந்தைய ஒரு சென்ட் காசு போதும். அது 95 சதவீதம் செம்பு. எஃகை விட மென்மையானது, ஆனால் துருவைச் சுரண்டும். எண்ணெயோடு காசின் விளிம்பை வைத்துத் தேய்த்தால் கீறல் விழாமல் செந்துரு போகும். மிஞ்சும் பள்ளங்களை அப்படியே விடுங்கள். எலும்புக் கைப்பிடியைத் தண்ணீரில் ஊற வைத்தால் வெடிக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் சிக்கு பிடித்துப் பிசினாகும்.

புதிதாகச் சாணை பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சேகரிப்புக் கத்தியில் ஒரு முறை தீட்டினாலும் அலகின் மூல வடிவம் போய்விடும். தீட்டிப் பழக உடைந்த கத்தி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. வைப்பது, அனுப்புவது

தோல் உறையில் கத்தியை நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் பதனிடப் பயன்பட்ட அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் களிம்பும் எஃகில் துருவும் கொண்டுவரும். பருத்தித் துணிச் சுருள், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், அலகில் மெழுகு ஒரு பூச்சு, இவ்வளவே. அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ரெனைசான்ஸ் மெழுகு நன்றாக நிற்கிறது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து துடைக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு ஒரு சொல். ஆயுத விதிகளில் உள்ள 9 அங்குல அலகு வரம்பை இந்தச் சின்னக் கத்திகள் எட்டவே எட்டா. ஆனால் மான் கொம்புக் கைப்பிடி வேறு கதை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டுக்குக் கடமான் கொம்பை வரவழைத்துச் சங்கடத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள், எலும்பும் டெல்ரினும் போதும். இங்கிலாந்தில் இருப்பவர்கள் அலகு 3 அங்குலத்துக்கு மிகாமல், பூட்டில்லாமல், மடக்கக்கூடியதாக இருந்தால்தான் காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துச் செல்லலாம். விமானத்தில் எங்கு போனாலும் கைப்பையில் வேண்டாம், சரக்குப் பெட்டியில் வையுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெட்டிக்குப் பூட்டு போடுங்கள். பிள்ளையே கேட்டால் அமெரிக்கச் சாரணர்களின் முறை நல்லது. கத்தியைப் பாதுகாப்பாகப் பிடிக்க, கொடுக்க, தீட்டக் கற்றுத் தேறியவனுக்கு 'டோட்டின் சிப்' என்று ஓர் அட்டை. தப்பு செய்தால் அட்டையின் ஒரு மூலையைத் தலைவர் கத்தரித்துவிடுவார். நாலு மூலையும் போனால் கத்தியும் போச்சு. என் மகன் அட்டையில் இப்போது மூன்று மூலை இருக்கிறது. நாலாவது எப்படிப் போனது என்று இன்னும் சொல்லவில்லை.

9. நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம். வாங்கிய தேதி, இடம், விலை, மூடிய நீளம், முத்திரையில் உள்ள சொற்கள் வரி பிரித்து, கைப்பிடிப் பொருள், குறைகள், விற்றவர் சொன்ன கதை. கதைக்குக் காசு கொடுக்கக் கூடாது, எழுதி வைக்கலாம். கத்தியோடு ஒரு சின்னச் சீட்டில் எண்ணைக் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது பிரதி வந்ததும் சுமாரானதை விற்றுவிடுங்கள். விற்கும்போது குறையை முதல் வரியில் எழுதுங்கள்: 'பெரிய அலகு கால்வாசி தேய்மானம், திருப்புளி மூலை உடைந்தது, லேசான ஆட்டம்.' அப்படி எழுதியும் என் கத்திகள் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. அல்ஸ்டரை மட்டும் மூன்று பேர் கேட்டும் கொடுக்கவில்லை. அதன் பக்கத்தில் விலைக்கு நேராக 'நாலு டாலர்' என்றும், குறைகளுக்கு நேராக 'தொட்டால் அடி விழும்' என்றும் எழுதியிருக்கிறேன்.